புதைபொருளும் புதையுண்ட மக்களும்

பதுளையிலிருந்து பண்டாரவளைக்குச் செல்லும் பெருந்தெருவில் உள்ள ஊர் ஹாலிஎல. அங்கிருந்து சில மைல் தூரத்திலே, கல்லந்த ஓயாவின் குறுக்கே, போகொடை மரப்பாலம் நிற்கின்றது. கண்டி இராச்சிய காலத்தது அது. ஓடு வேய்ந்த கூரையுடையது. ஊவாவையும் கண்டியையும் இணைத்த பழம் பாதையிலே நடந்து சென்றோர் நிழலுக்கு ஒதுங்கிய இடம். அதனைக் காண உல்லாசப் பிரயாணிகள் வருகின்றனர். தொல்பொருட் சட்டம் அதற்குக் காவல் நிற்கின்றது. அதே ஹாலிஎலயைச் சூழ்ந்த மலைச்சரிவுகளில் தேயிலைத் தோட்டங்கள் உள. அங்கே லயங்களும் பிரட்டுக்களங்களும் கொழுந்து மடுவங்களும் பீலிக்கரைகளும் மாரியம்மன் கோவில்களும் பெயர் பொறிக்கப்படாத புதைகுழிகளும் உள. இந்நாட்டின் செல்வத்தைத் தலைமுறை தலைமுறையாகத் தம் முதுகிற் சுமந்த மக்களின் சுவடுகள் இவை. இவற்றுக்குக் காவல் யார்?

இக்கேள்வியை உத்தியோக முறையிலே எழுப்பத்தக்க ஒருவர் நம் காலத்தில் தோன்றியிருக்கின்றார். ஆலோசனைப் புதைபொருளாய்வாளர் என்று அவரை அழைக்கலாம். பண்பாட்டு வள முகாமைத்துவம் என்பது அவர் தொழிலின் பெயர். அணைக்கட்டோ, பெருந்தெருவோ, மின்கம்பித் தொடரோ, உல்லாச விடுதியோ அமைய இருக்கும் நிலத்தில், மண்வெட்டி விழுமுன்னர், அங்கே பழைமையின் தடயம் எதுவும் உண்டா என்று ஆராய்ந்து அறிக்கை எழுதுவது அவர் பணி. இத்தொழிலாளியைப் பற்றியும் அவர் எழுதும் அறிக்கையைப் பற்றியும் இலக்கிய ஏடொன்றில் எழுதுவானேன் என்று சிலர் ஐயுறலாம். அறிக்கையும் எழுத்தே. எழுத்தாயின் அதனை யார் எழுதினார், யாருக்காக எழுதினார், எதனைச் சொன்னார், எதனைச் சொல்லாது விட்டார் என்று விசாரித்தல் விமர்சனத்தின் கடமையாகும்.

இத்தொழில் பிறந்த வரலாற்றை முதலிற் சுருக்கமாக நோக்குவோம். இரண்டாம் உலக யுத்தத்தின் பின்னர் உலகெங்கும் மாபெரும் நிர்மாண வேலைகள் தொடங்கின. எகிப்திலே அஸ்வான் அணை எழுந்தபோது அபு சிம்பெல் கோவில்கள் 1960களில் பெயர்த்தெடுத்து மேட்டில் நிறுத்தப்பட்டன. ஆந்திராவிலே கிருஷ்ணா நதிக்குக் குறுக்கே அணை கட்ட முனைந்தபோது நாகார்ஜுனகொண்டாவில் 1954 முதல் ஆறாண்டுகள் அகழ்வு நடைபெற்றது. இவை அரசாங்கங்களும் சர்வதேச ஸ்தாபனங்களும் முன்னின்று செய்த மீட்பு வேலைகள். அமெரிக்காவில் 1966இல் இயற்றப்பட்ட தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டம் இவ்வேலையை நிரந்தரத் தொழிலாக்கிற்று. கூட்டரசின் பணமோ அனுமதியோ பெறும் எத்திட்டமும் பழைமைச் சின்னங்களுக்கு விளைவிக்கும் பாதிப்பைக் கணக்கிலெடுக்க வேண்டுமென்று அச்சட்டம் விதித்தது. விளைவு யாது? ஆய்வுக் கம்பெனிகள் தோன்றின. இன்று அந்நாட்டுப் புதைபொருளாய்வாளருட் பெரும்பாலோர் பல்கலைக்கழகத்திலோ நூதனசாலையிலோ இல்லை, ஒப்பந்தங்களிலேயே சீவிக்கின்றனர். இங்கிலாந்தில் 1990இலும் ஐரோப்பாவில் 1992ஆம் ஆண்டு வலெற்றா உடன்படிக்கையின் மூலமும், நிலத்தைக் கிளறுபவனே ஆய்வுக்கும் செலவு செய்ய வேண்டும் என்னும் கொள்கை வேரூன்றிற்று.

இலங்கையிலும் இதே வழியையே காண்கின்றோம். துரித மகாவலித் திட்டத்தின்போது கொத்மலைப் பள்ளத்தாக்கின் கடதொர விகாரை நீரில் மூழ்கியதை நாடறியும். 1980இல் மத்திய கலாசார நிதியம் அமைந்தது. 1986இல் களனிப் பல்கலைக்கழகத்தின் கீழ்த் தொல்லியல் பட்டப்பின் படிப்பு நிறுவகம் தோன்றியது. சுற்றாடற் சட்டத்தின் 1988ஆம் ஆண்டுத் திருத்தம் பெருந்திட்டங்களுக்குப் பாதிப்பு மதிப்பீட்டை அவசியமாக்கிற்று. தொல்பொருட் சட்டம் 1998இல் திருத்தப்பட்டு, 2000ஆம் ஆண்டில் அதன் கீழ் ஒழுங்குவிதிகளும் வெளிவந்தன. அதன் பின்னர், குறிக்கப்பட்ட வகைத் திட்டம் எதனையும் தொடங்குவோர் முதலில் தொல்லியற் பாதிப்பு மதிப்பீட்டைச் செய்வித்து, அதன் செலவையும் ஏற்றல் வேண்டும் என்றாயிற்று.

அந்த வேலை எத்தகையது? ஹாலிஎலக்கு அருகில் ஒரு தோட்டத்தை ஊடறுத்து ஒரு தெரு அகலமாக்கப்படுவதாக வைத்துக்கொள்வோம். ஆய்வாளர் முதலில் பழைய நில அளவைப் படங்களையும் சாசனக் குறிப்புகளையும் இடப்பெயர்களையும் தேடிப் பார்ப்பார். பின்னர் தெரு செல்லவிருக்கும் தடம் முழுவதையும் காலால் நடந்து, மேற்பரப்பிலே கிடக்கும் ஓட்டுத்துண்டு, செங்கல், கற்சில்லு ஆகியவற்றைக் குறித்துக்கொள்வார். ஐயமுள்ள இடங்களில் சோதனைக் குழி தோண்டி மண்ணடுக்குகளைப் பார்ப்பார். இறுதியாகத் தடத்தை மாற்றுக, அகழ்ந்து மீட்ட பின் வெட்டுக, வெட்டும்போது உடனிருந்து கண்காணிக்குக, அன்றேல் தடையின்றி வெட்டுக என்று ஏதேனும் ஒன்றைப் பரிந்துரை செய்வார்.

இத்தொழிலை இகழ்வது நம் நோக்கமன்று. மழையிலும் அட்டைக்கடியிலும் மலையேறி, குறித்த தவணைக்குள் வேலையை முடித்து, அடுத்த ஒப்பந்தம் கிட்டுமோ கிட்டாதோ என்ற ஏக்கத்துடன் வாழும் பட்டதாரிகள் இவர்கள். ஓய்வூதியமில்லை, நிரந்தரமில்லை. கண்ட பொருளைத் தம் பெயரிலே வெளியிடும் உரிமையும் பலவேளைகளில் இல்லை. அறிவை விற்றுச் சீவிக்கும் கூலியாட்கள் என்ற வகையில் அவர்கள் நம் அனுதாபத்துக்கு உரியவர்கள். அவர்கள் இல்லையேல் எத்தனையோ இடங்கள் ஒரு வரிக் குறிப்புமின்றி அழிந்திருக்கும் என்பதையும் மறுப்பதற்கில்லை. நாம் விமர்சிக்க விரும்புவது மனிதரை இயக்கும் அமைப்பையே.

முதலாவது குறை கூலியின் ஊற்றுப் பற்றியது. தடை நீங்க வேண்டுமென்று விரும்பும் தரப்பினரே தடை உண்டா இல்லையா என்று சொல்பவருக்குப் பணம் கொடுக்கின்றனர். ஆய்வாளர் எத்துணை நேர்மையாளராயினும், வேலையை நிறுத்துக என்று அடிக்கடி எழுதுபவரை அடுத்த முறை யார் அழைப்பார்? இதற்கு இலஞ்சமோ சதியோ வேண்டியதில்லை. சந்தையின் இயல்பே போதும். எதனைத் தேடவேண்டும் என்பதையும் எத்தனை நாள் தேடவேண்டும் என்பதையும் ஒப்பந்தம் முன்கூட்டியே வரையறுத்து விடுகின்றது. அவ்வரையறைக்குள் அகப்படாதது இல்லாததாகி விடுகின்றது.

இரண்டாவது குறை எழுத்துப் பற்றியது. இவ்வறிக்கைகளின் நடை ஒரு தனி இலக்கிய வகை. அங்கே வாக்கியங்களுக்கு எழுவாய் இராது. நிலம் 'பரிசோதிக்கப்பட்டது', பொருள்கள் 'அவதானிக்கப்பட்டன'. மக்கள் வருவதாயின் அட்டவணையிற் குடும்பத் தொகையாக வருவார்கள். பல அறிக்கைகள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, கந்தோர் அலுமாரியைச் சென்றடைகின்றன. சாம்பல் இலக்கியம் என்று அத்தொழிலாளரே இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கின்றனர். நூலாகாது, விற்பனைக்கு வராது, வாசகனைக் காணாது மடியும் எழுத்து என்பது அதன் பொருள். எவருடைய காலடி மண்ணைப் பற்றி எழுதப்பட்டதோ அவர் அதனைக் காண்பதில்லை. சுற்றாடல் மதிப்பீட்டு அறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு முப்பது நாள் வைக்க வேண்டுமென்று சட்டம் சொல்கின்றது. நாட்சம்பளத்துக்கு மலையேறும் கொழுந்து பறிக்கும் தாய், எந்த நாளில் எந்தக் கந்தோருக்குச் சென்று, தொழிற்சொற்கள் மண்டிய அத்தனை பக்கங்களை வாசிப்பாள்?

மூன்றாவது குறையே மிகப் பெரியது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம், தொல்பொருள் என்பதற்கு ஒரு காலவெல்லை வகுத்தது. அவ்வெல்லை 1815 மார்ச் 2. கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்கு மாறிய உடன்படிக்கை நாள் அது. அதற்கு முற்பட்டது தானாகவே பழைமை; பிற்பட்டதைக் காக்கவேண்டின் அதனைத் தனியாக எடுத்து வர்த்தமானியில் அறிவித்தல் வேண்டும். மன்னன் வீழ்ந்த நாளோடு பழைமை முடிவடைந்து விட்டது என்பதே இதன் உட்கிடை. சரித்திரத்தை அரண்மனையில் தொடங்கி அரண்மனையில் முடிக்கும் மனோபாவத்துக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

இந்த எல்லைக்கோட்டால் தள்ளப்பட்டவர் யார் என்று பார்ப்போம். 1817லும் 1818லும் ஊவா வெல்லச விவசாயிகள் ஆங்கில ஆட்சிக்கெதிராகக் கிளர்ந்தெழுந்தனர். அவர்களின் வயல்களும் வீடுகளும் எரிக்கப்பட்டன. அந்தச் சாம்பல் மேடுகள் எல்லைக்கோட்டுக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் இப்பால் உள்ளன. 1820கள் தொட்டுத் தமிழகத்திலிருந்து மக்கள் கோப்பித் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்டனர். கோப்பி நோயால் மடிய, அவர்கள் தேயிலையை நட்டனர். 1924இல் பதுளைவரை வந்து சேர்ந்த புகையிரதப் பாதையும் கூலி உழைப்பின் நினைவுச் சின்னமே. அவர்தம் சரித்திரம் முழுவதும் எல்லைக்கோட்டுக்கு இப்பால். ஆகவே சிங்கள விவசாயியின் கலகமும் தமிழ்த் தொழிலாளியின் வியர்வையும் ஒரே கோட்டினால் தள்ளிவைக்கப்பட்டிருக்கின்றன. இனபேதம் பேசுவோர் இந்த ஒற்றுமையைக் கவனிப்பதில்லை. நாம் கவனித்தல் வேண்டும்.

சட்டம் மதிக்கும் தொல்பொருள் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். பதுளையில் ஒரு தூண் சாசனம் இருக்கின்றது. மகியங்கனைக்கு அருகே சொரபொர வாவிப் பக்கத்திலிருந்து கொண்டுவரப்பட்டது. பத்தாம் நூற்றாண்டில் உதயன் என்னும் அரசன் காலத்தது. அரசன் மகியங்கனைக்கு வந்தபோது, ஹோபிட்டிகம என்ற சந்தையின் வணிகரும் குடிகளும் அதிகாரிகளின் முறைகேடுகளைப் பற்றி முறையிட்டனர். வரி எங்ஙனம் அறவிடப்படலாம், நிறுவை எங்ஙனம் இருத்தல் வேண்டும் என்று அதன்மேல் விதிகள் பிறந்தன. அரசனின் பெயரால் அறியப்படும் இக்கல், உண்மையில் சாதாரண மக்களின் முறைப்பாட்டுக் கல். ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னர், அதே ஊவாவின் கொழுந்து மடுவத்திலே, தராசு முன் நின்று, ஈரக்கழிவு என்றும் கூடைக்கழிவு என்றும் தன் கொழுந்தின் நிறை குறைவதைப் பார்த்து முறையிட்டவளும் அதே நியாயத்தைத்தான் கேட்டாள். அவள் முறைப்பாடு கல்லில் எழுதப்படவில்லை. அவள் நின்ற மடுவமும் சட்டத்தின் கண்ணுக்குத் தொல்பொருளாகவில்லை.

இன்னொரு பொருளைப் பார்ப்போம். கடல் கடந்து வந்த தொழிலாளிக்கு, சேரவேண்டிய தோட்டத்தின் இலக்கமும் அவன் இலக்கமும் பொறித்த தகரத்துண்டு ஒன்று கொடுக்கப்பட்டது. அவன் பெயருக்குப் பதிலாக அது நின்றது. பட்ட கடனைத் தீர்க்காது வேறு தோட்டத்துக்குப் போக முடியாமற் கட்டிவைத்த துண்டு முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. சோதனைக் குழியில் ஒரு மணி கிடைத்தால் ஆய்வாளர் அதனைக் கவனமாகப் பொதிந்தெடுப்பார். துருப்பிடித்த தகரத்துண்டு கிடைத்தால் என் செய்வார்? அவர் பெற்ற பயிற்சியும் அவருக்குக் கொடுக்கப்பட்ட சட்டமும் அதனைக் குப்பையென்று கூறும். ஒரு வர்க்கத்தின் அடிமை நிலையை ஒரு நூலினும் தெளிவாகச் சொல்லும் சாட்சியம் அத்துண்டு.

இது வெறும் நினைவேக்கத்தின் பிரச்சினையன்று. 1948இல் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டில் வந்த சட்டம், பிரசாவுரிமை வேண்டுவோர் இங்கே தொடர்ச்சியாக வாழ்ந்தமைக்குச் சான்று கேட்டது. பதிவேடு தோட்டத்துரையின் கையில். எழுத்தறிவை மறுக்கப்பட்டவன் சான்றுக்கு எங்கே போவான்? 1964ஆம் ஆண்டு ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர் தீர்மானிக்க விடப்பட்டது. கப்பலேறியவர்கள் தம் பாட்டன் பாட்டியின் புதைகுழிகளை இம்மலைகளில் விட்டுச் சென்றனர். பாட்டன் பிறந்ததும் மாண்டதும் இம்மண்ணிலே என்பதற்கு அக்குழிகள் சாட்சி. ஆனால் அச்சாட்சியைப் பதிந்து வைத்தவர் எவருமிலர். 2003ஆம் ஆண்டுச் சட்டம் பிரசாவுரிமையை வழங்கிற்று. வீட்டு நிலத்தின் உறுதி இன்றும் பலருக்கு எட்டாத கனியே. நிலத்தோடு தமக்குள்ள உறவின் பழைமையை ஒரு சமூகம் நிரூபிக்க வேண்டியிருக்கும்வரை, அப்பழைமையைப் பதிந்து வைத்தல் அரசியற் கடமையாகும்.

விஞ்ஞானம் பாராமுகமாயிருந்த இடத்தில் இலக்கியம் என் செய்தது? ஹாலிஎலக்கு அருகில் ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934இல் பிறந்தவர் தெளிவத்தை ஜோசப். தோட்டத்தின் பெயரையே தம் பெயரின் முன்னொட்டாகச் சூடிக்கொண்ட அவர் 2022இல் மறைந்தார். 'காலங்கள் சாவதில்லை' என்ற அவர் நாவலிலும் 'நாமிருக்கும் நாடே' என்ற சிறுகதைத் தொகுதியிலும் லயத்துக் காம்பராவின் வாழ்க்கை எழுத்தாகியிருக்கின்றது. மலையக எழுத்தாளர் மண்வெட்டியின்றிச் செய்த அகழ்வு இது. எனினும் நாவல் நீதிமன்றத்திற் சாட்சி சொல்லாது. வீதித் திட்டத்தின் தடத்தை மாற்றாது. ஒரு மேடைக்கல், ஒரு மயானத்தின் எல்லை, ஒரு லயத்தின் அத்திவாரம் இவற்றைப் படமாக்கி, ஆண்டைக் கணித்து, பகிரங்கப் பதிவாக்குதற்கு விஞ்ஞானமே வேண்டும். இலக்கியம் தன் பங்கைச் செய்துவிட்டது; விஞ்ஞானம் தன் கடனை இன்னும் தீர்க்கவில்லை.

தீர்க்க முடியும் என்பதற்கு உதாரணம் உண்டு. 1991இல் நியூயோர்க் நகரில் அரசாங்கக் கட்டிடமொன்றுக்காக நிலத்தை ஆராய்ந்தபோது, ஆபிரிக்க அடிமை மக்களின் பழைய மயானம் வெளிப்பட்டது. கட்டிட வேலை தாமதமாகாதிருக்க எலும்புகள் அவசரமாக அகற்றப்பட்டன. கறுப்பின மக்கள் வீதியில் இறங்கினர். ஆய்வு, கறுப்பின மக்களின் கல்வி நிலையமான ஹவார்ட் பல்கலைக்கழகத்தின் பொறுப்புக்கு மாறிற்று. 419 பேரின் எச்சங்கள் ஆராயப்பட்டன. அடிமைச் சிறுவரின் எலும்புகளில் நோயும் பாரஞ்சுமந்த வடுக்களும் வாசிக்கப்பட்டன. 2003இல் அவர்கள் மரியாதையுடன் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டனர். 2006இல் அவ்விடம் தேசிய நினைவுச் சின்னமாயிற்று. அங்கே கேள்வியை மாற்றியவர்கள் மக்கள். நமது நாட்டிலும் சிறு தொடக்கம் இல்லாமலில்லை. கம்பளைப் பக்கத்துத் தோட்டமொன்றின் பழைய லயத்தில் 2007இல் தொழிலாளர் நூதனசாலை ஒன்று அமைக்கப்பட்டது. அரசாங்கம் செய்யாததைச் சமூக ஊழியர்கள் செய்தனர்.

இவ்விடத்தில் இரண்டு எச்சரிக்கைகள் அவசியம். புதைபொருளாராய்ச்சி என்றதும் தமிழ் பேசும் மக்கள் பலர் அச்சமடைகின்றனர். 2020இல் கிழக்கு மாகாணத்துக்கென நியமிக்கப்பட்ட தொல்பொருட் செயலணி, பாதுகாப்புச் செயலாளரின் தலைமையில், தமிழரோ முஸ்லிமோ ஒருவருமின்றி அமைந்ததை நினைத்தால் அவ்வச்சம் காரணமற்றதன்று. ஆனால் அதற்கு விடையாக, முந்தி வந்தவர் நாமா நீரா என்று எதிர்ப் போட்டியில் இறங்குதல் பிற்போக்கே. முந்தி வந்தவனுக்கே மண் சொந்தம் என்ற வாதத்தை ஏற்றுக்கொண்டால், இருநூறாண்டு வரலாறுடைய தோட்டத் தொழிலாளி அதே வாதத்தால் வெளியேற்றப்படுவான். உழைத்தவனுக்கே மண்ணில் உரிமை என்பதே நம் வாதம். அதற்குச் சான்று தேடுதலே நாம் வேண்டும் புதைபொருளாய்வு.

மற்றைய எச்சரிக்கை லயங்களைப் பற்றியது. பழைமை என்ற பெயரால் மக்களைப் பத்தடி அறைகளில் வைத்திருக்க வேண்டுமென்று எவரும் கருதலாகாது. 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிய கொடுமை ஊவா மக்களின் நெஞ்சில் ஆறாத புண். லயங்கள் இடிக்கப்பட வேண்டும். நல்ல வீடுகள் எழ வேண்டும். இடிக்குமுன் அளந்து, படம் வரைந்து, வாழ்ந்தோர் வாய்மொழியைப் பதிந்து வைப்பது வீடு கட்டுவதற்கு எவ்விதத்திலும் தடையாகாது. ஆலோசனைப் புதைபொருளாய்வாளரின் தொழிலறிவு இதற்கென்றே அமைந்ததன்றோ?

எனவே நாம் கோருவன சிலவே. திட்டக்காரரின் பணம் நேரே ஆய்வாளரைச் சேராது ஒரு பொது நிதியத்தின் வழியே செல்லட்டும். ஆய்வாளரை அந்நிதியமே நியமிக்கட்டும். அறிக்கை சிங்களத்திலும் தமிழிலும் வெளிவந்து, அந்தந்தத் தோட்டத்துப் பிரட்டுக்களத்திலேயே வாசித்து விளக்கப்படட்டும். ஆய்வில் ஊர் முதியோரின் வாய்மொழி மண்ணடுக்குக்குச் சமமான சான்றாக மதிக்கப்படட்டும். 1815 என்ற எல்லைக்கோடு நீக்கப்பட்டு, உழைப்பின் சின்னங்களும் தொல்பொருள் என்னும் வரைவுக்குள் வரட்டும். தோட்டப் பாடசாலைகளிலிருந்து இளைஞர் இத்துறைக்கு வரப் புலமைப்பரிசில்கள் வழங்கப்படட்டும்.

சட்டம் திருந்தும்வரை காத்திருக்க வேண்டுமா? கணித அறிஞரான கோசாம்பி பூனா நகரைச் சுற்றியுள்ள குன்றுகளிற் கால்நடையாகத் திரிந்து, கற்கருவிகளைப் பொறுக்கியும் கிராமத் தாய்த்தெய்வங்களைக் கண்டறிந்தும் 1956இல் இந்திய வரலாற்றாய்வுக்கே புதுவழி வகுத்தார். அவருக்கு எவரும் ஒப்பந்தம் கொடுக்கவில்லை. ஹாலிஎலயிலும் பதுளையிலும் படிப்பிக்கும் ஆசிரியர் ஒருவர், தம் மாணவரோடு ஒரு தோட்டத்தைச் சுற்றி நடந்து, ஒவ்வொரு மலைக்கும் துரைமார் இட்ட பெயரையும் தொழிலாளர் வழங்கும் பெயரையும் எழுதலாம். கோவிலின் மேடை எப்போது கட்டப்பட்டது, மயானத்தில் முதலிற் புதைக்கப்பட்டவர் யார் என்று முதியோரிடம் கேட்டுக் குறிக்கலாம். ஒரு கொப்பியும் ஒரு பென்சிலும் போதும். நாளைக்கு ஓர் ஆலோசனை ஆய்வாளர் ஒப்பந்தத்துடன் அத்தோட்டத்துக்கு வரும்போது, இந்நிலத்தில் குறிப்பிடத்தக்கது எதுவுமில்லை என்று அவர் எழுதுமுன், அந்தக் கொப்பியை அவர் முன்னால் விரித்து வைக்க ஒரு சிறுமி அங்கே நின்றிருத்தல் வேண்டும்.